பத்தாம் நம்பர் யாருடைய காலளவு

தம்பி,

சாப்பிட்டாயா, குளிருக்குக் கழுத்தை மூடினாயா என்று கேட்க மட்டும் என்றால் தொலைபேசியே போதும். நீ பாரிசில் இறங்கிய நாளிலிருந்து மூன்று முறை எடுத்தாய். மூன்று முறையும் நான் அதைத்தான் கேட்டேன். நீ வைத்த பிறகு, சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விட்ட எரிச்சலில் அடுப்படிக்குப் போய் இல்லாத வேலையைத் தேடினேன். வாயால் சொல்ல வராது என்று விளங்கிவிட்டது. அதனால் உன்னுடைய பழைய கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். எழுதி முடித்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஒரு கண்ணுக்கு ஒப்பரேசன் முடிந்தது, மற்றது தவணை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அங்கே உன் படம் போடுகிறார்கள். முடிந்ததும் யாராவது எழுந்து, படத்துக்கு ஏன் ‘பத்தாம் நம்பர்’ என்று பெயர் வைத்தீர்கள் என்று கேட்பார்கள். போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். நீ சொல்லப்போகும் பதிலும் எனக்குப் பாடம். அந்தப் பதில் பிழை, தம்பி. பிழை உன்னுடையதல்ல, என்னுடையது. ஞாயிறுக்கு முன்னர் அதைத் திருத்தியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் முதல் நாள் போட்டபோது என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாய். படம் முடிந்து விளக்குப் போட்டதும் பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். நீ ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: “அது என்ரை அப்பாவின்ரை காலளவு. நான் கைக்குழந்தையா இருக்கேக்கை அப்பா காணாமல் போனவர். அவர் வருவார் எண்டு அம்மா அவற்றை செருப்பை வாசல்லை வைச்சபடி இருந்தவ. நான் அந்தச் செருப்பைப் பாத்துத்தான் வளந்தனான்.” பிறகு பைக்குள் இருந்து அந்தச் செருப்பையே எடுத்து உயர்த்திக் காட்டினாய். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெண் என் தோளைத் தொட்டாள். நான் என்ன செய்வது, சிரித்தேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால், என் பிள்ளை பொய் சொல்கிறான், அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவள் நான் என்று எப்படி எழுந்து சொல்வது?

உன் அப்பாவின் காலளவு ஏழு. சின்னக் கால். கல்யாணம் முடித்த புதிதில் என் காலும் அவர் காலும் ஏறக்குறைய ஒரே அளவு என்று நானே அவரைக் கேலி பண்ணியிருக்கிறேன். அவருக்குக் கோபம் வரும். ஆனாலும் அடுத்த நாள் அவசரத்தில் என் செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். நீ உயர்த்திக் காட்டிய பத்தாம் நம்பர் செருப்பை நான் எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கினேன். அதற்குள் எந்த ஆணின் காலும் ஒருநாளும் போனதில்லை.

ஏன் வாங்கினேன் என்று சொல்கிறேன். தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு உடுவிலுக்குத் திரும்பியபோது உனக்கு நாலு வயது. வீட்டுக்கு ஓடு இல்லை. இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் திரும்பி வரவில்லை. உன் அப்பா தன் கையால் செய்து வேலி வாசலில் போட்ட மரப்படலை மட்டும் தெரு ஒழுங்கையைப் பார்த்தபடி அப்படியே நின்றது. அந்தப் படலையைத் திறக்கிற வித்தை வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். முழங்காலால் அடியை ஒரு தரம் உயர்த்தி, பிறகு மேல் கம்பி வளையத்தைத் தட்டவேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அந்த வீட்டில் தனியே. பகலிலேயே ஆட்கள் வந்து வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். கேட்கிறவர் என்ன எண்ணத்தோடு கேட்கிறார் என்று யாருக்குத் தெரியும்? எங்களைப் போலவே தனியாகத் திரும்பி வந்திருந்த பூமணியக்காதான் வழி சொன்னா. “வாசல்லை ஒரு ஆம்பிளைச் செருப்பை வை பிள்ளை. கொடியிலை ஒரு சாரத்தைக் காயப்போடு. நாய் வளக்கிறதை விட உது திறம்.”

உன் அப்பாவின் செருப்பு என்னிடம் இருந்தது. அவர் வெளிநாடு போன அன்று சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனதால் மிஞ்சிய செருப்பு. இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பொருளை விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அதை வாசலில் வைக்க மனம் வரவில்லை. வெயிலும் மழையும் பட்டுக் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதோடு அந்தச் சின்னச் செருப்பைக் கண்டு யார் பயப்படுவார்கள்? சந்தையில் கடைக்காரர், “ஆருக்கு அக்கா? காலளவு தெரியுமோ?” என்று கேட்டார். “பெரிய கால்” என்றேன். “எவ்வளவு பெரிசு?” என்றார். “உங்களிட்டை இருக்கிறதுக்குள்ளை பெரிசு” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தட்டின் மேலிருந்த மண்ணிறச் செருப்பை எடுத்துத் தந்தார். உன் அப்பாவின் ஏழாம் நம்பரைச் சேலைக்குள் சுற்றி றங்குப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். இதுதான் நான் செய்த முதல் பிழை. அன்று எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

நீ இன்று பெரிய இயக்குனர். அன்று நான்தான் இயக்குனர், தெரியுமா? செருப்பு புதிதாகத் தெரியக்கூடாது என்று செம்மண் கரைத்துப் பூசினேன். தினமும் காலையில் அதன் இடத்தை மாற்றுவேன். ஒருநாள் சோடியாக, ஒருநாள் ஒன்று மற்றதன் மேல் ஏறி, ஒருநாள் ஒன்று கவிழ்ந்து. ஆம்பிளைகள் அப்படித்தானே கழற்றுவார்கள். சாரத்தைத் தினமும் கிணற்றடியில் நனைத்துக் கொடியில் போடுவேன். ஒருவர் இடுப்பிலும் ஏறாமலே அந்தச் சாரம் நைந்து கிழிந்தது. படலையில் யாராவது கூப்பிட்டால், வெறும் அறையைப் பார்த்து, “இஞ்சருங்கோ, ஆரோ வந்திருக்கினம், ஒருக்காப் பாருங்கோவன்” என்று குரல் கொடுப்பேன். வந்தவர்கள் கேட்டுவிட்டு, தங்கள் அலுவலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உனக்கும் ஒரு வசனம் பாடமாக்கித் தந்தேன். யாராவது அப்பா எங்கே என்று கேட்டால், “உள்ளுக்கை நித்திரை கொள்ளுறார்” என்று சொல்லவேண்டும். நீ கெட்டிக்காரன், ஒரே நாளில் பிடித்துக்கொண்டாய். ஆனால் பிள்ளைக்கு எல்லாம் உண்மையாகத் தெரியவேண்டுமே. ஒருநாள் செருப்பைக் காட்டி, “உது ஆற்றை அம்மா?” என்று கேட்டாய். வெறும் செருப்பு, கள்ளரை ஏமாற்ற வைத்தது என்று சொன்னால் நீ வெளியில் உளறிவிடுவாய் என்று, “அப்பான்ரை” என்றேன். அதற்குப் பிறகு நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து உன் சின்னக் காலை அதற்குள் வைத்து அளந்து பார்க்கத் தொடங்கினாய். அதைப் பார்த்த பிறகு எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வருசங்கள் போய்விட்டன. நீ வளர்ந்து படம் எடுக்கவும் வந்துவிட்டாய்.

உன் அப்பா காணாமல் போனவரும் இல்லை, தம்பி. அந்தச் சொல்லை நீ சொல்லும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. உண்மையாகவே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் இருக்கிற தாய்மாரை நீயும் கண்டிருக்கிறாய். நான் அவர்களோடு ஒருநாளும் போய் இருந்ததில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் அப்பா கொழும்பில் முகவரைப் பிடித்து விமானம் ஏறியவர். எங்கெங்கோ நின்று பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. அவர் எழுதியது எங்களைத் தேடி எங்கெங்கு அலைந்ததோ, நான் எழுதியது அவரிடம் போனதோ, தெரியாது. ஊரில் கேட்டவர்களுக்கு “ஒரு தகவலும் இல்லை” என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை மறந்துவிட்டார் என்று சொல்வதை விட, காணவில்லை என்று மற்றவர்கள் நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

இனித்தான் உன் படத்துக்கு வருகிறேன். அந்தப் படலைக் காட்சி. வெயில் நேரம், பையன் முற்றத்தில் தனியே விளையாடுகிறான். தோளில் பையோடு ஒருவன் வந்து நிற்கிறான். குனிந்து பார்க்காமலே முழங்காலால் படலையை உயர்த்தி, வளையத்தைத் தட்டி உள்ளே வருகிறான். ஆளைக் கொல்ல வந்த கொலைகாரன் என்றே சனம் நினைத்தது; அவனுக்கு இந்தப் படலை எப்படித் தெரியும் என்று மண்டபமே மூச்சுப் பிடித்தது. அவன் பையனிடம் எத்தனையாம் வகுப்பு என்று கேட்கிறான். தலையில் கை வைக்கிறான். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் இமைக்கவில்லை. பிறகு அவன் படிக்கட்டில் கிடக்கும் செருப்பைப் பார்க்கிறான். தன் சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். சின்னக் கால். “அப்பா எங்கை?” என்று கேட்கிறான். பையன், நான் உனக்குப் பாடமாக்கித் தந்த அந்த வசனத்தைச் சொல்கிறான். உள்ளே இருந்து பெண் குரல் வருகிறது. அவன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், படலையைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போகிறான். மற்றப் பக்கத்தில் இருந்த உன் கையை நான் இறுக்கிப் பிடித்தேன். நீ குனிந்து, “பயந்திட்டியளே அம்மா?” என்று கேட்டாய். “ஓம்” என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? “அந்த ஆள் படலை திறக்கிற விதத்தை எப்பிடித் தம்பி யோசிச்சனி?” நீ வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாய்: “யோசிக்கேல்லை அம்மா, கண்டது. நான் அஞ்சாம் வகுப்புப் படிக்கேக்கை ஒரு ஆள் வந்தது. நீங்கள் குசினிக்கை நிண்டனீங்கள். செருப்புக்குப் பக்கத்திலை தன்ரை காலை வைச்சுப் பாத்தவர். ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. அந்தப் பயத்திலைதான் இந்தப் படமே வந்தது.”

உனக்கு விளங்காதது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வீடு வந்ததும் நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ களைப்பு என்று நினைத்துத் தேத்தண்ணி போட்டுத் தந்தாய்.

அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, தம்பி. கொழும்புக்குப் பாதை திறந்திருந்த சமாதான காலம். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்கிய காலம். ஒழுங்கைக்குள் வான் வண்டிச் சத்தம் கேட்டால் நான் எட்டிப் பார்ப்பேன். அன்று நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். “அம்மா, ஆரோ ஒரு ஆள்” என்று நீ கத்தினாய். கை முழுக்கச் செதில். வழக்கம் போல வெறும் அறையைப் பார்த்து, “இஞ்சருங்கோ, ஆரெண்டு ஒருக்காப் பாருங்கோவன்” என்றேன். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தால் படலை பூட்டியிருந்தது. “ஆர் தம்பி?” என்றேன். “போயிட்டார்” என்றாய். தந்திரம் பலித்துவிட்டது என்று நான் சிரித்தேன். ஒன்பது வருசமாக யாருடைய குரலுக்காகக் காத்திருந்தேனோ, அந்த மனிதர் பத்தடி தூரத்தில் நின்று, நான் இன்னொருவரை “இஞ்சருங்கோ” என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறார்.

உனக்கு நான் ஒளித்த இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் எனக்குப் பயம் போய்விட்டிருந்தது. பக்கத்து வீடுகளுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், ஒழுங்கையில் எந்நேரமும் சனம். செருப்பை எடுத்து எறிந்திருக்கலாம். பூமணியக்கா தன் வாசல் செருப்பை எப்போதோ எறிந்துவிட்டா. நான் எறியவில்லை. அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு ஒரு தரமாவது வாயால் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. வெறும் அறை என்று தெரியும். ஆனாலும் “இஞ்சருங்கோ” என்றதும் உள்ளே யாரோ பாயில் புரள்கிற மாதிரி இருக்கும். பயத்துக்காகத் தொடங்கினது, ஆசைக்காக நீண்டுபோனது. அவர் மேல் வைத்த ஆசையே அவரைப் படலையால் திருப்பி அனுப்பிவிட்டது. இதை இவ்வளவு வயதில் மகனுக்கு எழுதுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. வாசித்துவிட்டுச் சிரிக்காதே.

அவர் மேல் எனக்குக் கோபமும் உண்டு. எவ்வளவோ தூரம் கடந்து வந்த மனிதருக்கு, வாசலில் நின்று என் பெயரை ஒரு தரம் கூப்பிட வாய் இல்லையா? சண்டை பிடித்திருக்கலாம். “ஆரடி உவன்?” என்று கத்தியிருக்கலாம். நான் றங்குப்பெட்டியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே அவருடைய செருப்பைக் காட்டியிருப்பேன். கண்ணால் கண்டதை வைத்துத் தானே ஒரு கதையை முடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனார். நீ அவருடைய பிள்ளை. உனக்கும் அந்தக் குணம் இருக்கிறது. போன வருசம் நீ விரும்பின அந்தப் பிள்ளையோடு ஏதோ மனத்தாங்கல் என்று, அவள் ஏன் பேசவில்லை என்று நீயே காரணம் கண்டுபிடித்து நீயே விலகிக்கொண்டாய். நான் கேட்டபோது “எனக்குத் தெரியும் அம்மா” என்றாய். என்ன தெரியும் உனக்கு? படலையடியில் நின்று தெரிந்துகொள்வது ஒன்றுமில்லை, தம்பி. உள்ளே போய்க் கேள். அவள் திட்டினாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டுத் திரும்பு.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை இரண்டு தரம் வாசி. அன்று நீ சொன்ன வசனத்தில் உன்னுடைய பிழை ஒரு துளியும் இல்லை. நான் தீத்திவிட்ட சோறு அது. என்னைக் காப்பாற்ற நீ சொன்னாய். ஒன்பது வயதுப் பிள்ளை தன் வீட்டை இதை விட நன்றாகக் காவல் காக்க முடியாது. உன் தலையில் கை வைத்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். அந்தக் கை உனக்குப் பயமாக ஞாபகம் இருக்கிறது. இனிமேல் அதை வேறு மாதிரி நினைக்கப் பார். கொலைகாரனின் கையல்ல அது.

நாலு வருசத்துக்கு முன் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர், உன் அப்பாவோடு படித்தவர், பாரிசிலிருந்து வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். அங்கே ரயிலில் உன் அப்பாவைப் போல ஒருவரைக் கண்டாராம். தலை நரைத்து, தனியாக. இவர் உடுவில் என்று வாயெடுத்ததும் அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம். “அவராத்தான் இருக்கவேணும் எண்டு எனக்கு மனசு சொல்லுது தங்கச்சி” என்றார். அவராக இருந்தால் ஏன் இறங்கவேண்டும் என்று நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

உன்னுடைய பேட்டி கைத்தொலைபேசி முழுக்கச் சுற்றுகிறது. அவரும் அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார், யோசித்துப் பார். பத்தாம் நம்பர் என் அப்பாவின் காலளவு என்று தன் மகன் உலகத்துக்குச் சொல்கிறான். தன் கால் ஏழு என்று அவருக்குத் தெரியும். அப்படியென்றால் வேறொருவனைத்தான் பிள்ளை அப்பா என்று நினைத்து வளர்ந்திருக்கிறான் என்று அந்த மனிதர் இரண்டாம் முறையும் படலையால் திரும்பிவிடுவார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவரைத் தேடி அலையாதே. கடை கடையாகப் போய் அவருடைய பழைய படத்தைக் காட்டாதே. அவருக்கு இப்போது ஒரு குடும்பம் இருக்கலாம், அந்தப் பெண்ணுக்கும் ஒரு மனம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் உண்மையைச் சொல். ஒருவரும் கேட்காவிட்டால் நீயாகவே சொல். அப்பாவின் கால் ஏழு என்று சொல். பத்தாம் நம்பரை அம்மா பயத்தில் வாங்கினா, உள்ளே ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை என்று சொல். பைக்குள் இருக்கும் அந்தச் செருப்பை எடுத்து, இந்த முறை கவிழ்த்து அடியைக் காட்டு. நான் மண் பூசினேன், வெயிலில் போட்டேன், நிறம் வெளிற வைத்தேன். ஆனால் அடியைத் தேய்க்க எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஒருவர் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும். பத்து என்ற எண் கடையில் இருந்த மாதிரியே இன்னும் முழுசாக இருக்கும். கடைசி வரிசையில் இருந்தாலும் தெரிய உயர்த்திப் பிடி.

இன்று காலை றங்குப்பெட்டியைத் திறந்து அவருடைய ஏழாம் நம்பரை எடுத்தேன். வார் கொஞ்சம் வெடித்திருக்கிறது. துடைத்து வாசற்படியில் வைத்துவிட்டு வந்துதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். சின்னச் செருப்பு, தம்பி. அதைக் கண்டு ஒருவரும் பயந்து திரும்பமாட்டார்கள்.

அம்மா